தூண் அரசாங்கத்தோடது, பெயின்ட் பேட்டையோடது

நாள் 1: பாலத்துக்குக் கீழே

அமெரிக்காவின் மெக்ஸிகோ எல்லையோர நகரமான சான் டியேகோவின் மையத்தில் ப்ளூ லைன் டிராலி (நகர ரயில்) ஏறினால் சில நிறுத்தங்களில் பாரியோ லோகன் வந்துவிடும். வண்டி சிவப்பு நிறம்தான், குழம்ப வேண்டாம். ப்ளூ என்பது தடத்தின் பெயர். இறங்கி, கடலுக்கு முதுகு காட்டிப் பத்து நிமிடம் நடந்தால் தலைக்கு மேலே கொரொனாடோ பாலம். அதன் தூண்களுக்கு நடுவில் இருப்பதுதான் சிக்கானோ பூங்கா. சிக்கானோ என்றால் அமெரிக்காவில் வேரூன்றிய மெக்ஸிக வம்சாவளியினர். சுமார் 7 ஏக்கர். கள்ளிச்செடிகள், ஊஞ்சல், மாயன் கோயில் வடிவில் ஒரு மேடை, தூணுக்குத் தூண் சுவரோவியம். எண்ணிக்கை எண்பதைத் தாண்டும்.

பாரியோ என்றால் பேட்டை. கப்பல் பட்டறையிலும் மீன் டப்பா ஆலைகளிலும் வேலை பார்த்த மெக்ஸிக வம்சாவளிக் குடும்பங்களின் பேட்டை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியிருப்பு நிலத்தைத் தொழில் நிலமாகவும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி விதியை மாற்றியது. வீட்டுக்கு அடுத்த மனையில் கார் உடைக்கும் கடை வந்து உட்கார்ந்தது. 1963ல் இன்டர்ஸ்டேட் 5 நெடுஞ்சாலை பேட்டையை நடுவில் அறுத்தது. 1969 ஆகஸ்டில் பாலம் திறந்தபோது இன்னும் பல வீடுகள் போயிருந்தன. பாலத்தடி நிலத்தில் பூங்கா வரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று அங்கே புல்டோசர்கள் நின்றன. நெடுஞ்சாலைப் போலீஸ் நிலையத்துக்குத் தரை சமன் செய்யும் வேலை. மாரியோ சோலிஸ் என்ற கல்லூரி மாணவர் விசாரித்துத் தெரிந்துகொண்டு ஊருக்குச் சொன்னார். மாணவர்களும் குடும்பங்களும் கைகோத்து இயந்திரங்களை மறித்தார்கள். மறித்த கையோடு தரையைக் கொத்தி, சப்பாத்திக் கள்ளியும் ஆனைக் கற்றாழையும் நட்டார்கள். 12 நாள் இடத்தை விட்டு நகரவில்லை. பூங்கா கிடைத்தது.

தூண்கள் இன்றும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சொத்து. ஓவியங்களைக் காத்து நிற்பது பேட்டையின் வழிகாட்டுக் குழு. 1990களில் நில அதிர்வுப் பாதுகாப்புக்காகத் தூண்களைப் பலப்படுத்தத் துறை கிளம்பியபோது, ஓவியத்தைத் தொடாத வடிவமைப்பாக மாற்ற வைத்ததும் இந்தப் பேட்டைதான். 2016 முதல் இது தேசிய வரலாற்றுச் சின்னம். அதே 2016 அக்டோபரில் பாலத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டி விழாக் கூட்டத்தின் மேல் விழுந்து 4 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பாலம் வெறும் கூரை அல்ல.

வருகிறவர்கள் நேராக மெக்ஸிக ஓவியர் ஃப்ரீடா காலோவின் படத்துக்குப் போய் செல்ஃபி எடுக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, 1977ல் வரைந்த ஒரு தூணைத் தேடுங்கள். ‘வாரியோ ஸீ, யோங்க்கெஸ் நோ’ என்று எழுதியிருக்கும். பேட்டை வேண்டும், உடைசல் கடை வேண்டாம். ‘யோங்க்கே’ என்ற சொல் ஸ்பானிய அகராதிக்காரருக்கு உவப்பில்லாதது. ‘ஜங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை எல்லையோர நாக்கு மென்று துப்பிய வடிவம் அது. பாரியோவை ‘வா’ போட்டு எழுதுவதும் தெருச் சுவர் எழுத்து வழக்கம். மூன்று நான்கு சொல்லில் இந்த ஊரின் முகவரியே இருக்கிறது.

இன்னொரு தூணில் ஒரு பூதாகாரமான மனிதன் பாலத்தைத் தோளில் தாங்குகிறான். வேறு சில தூண்களில் 1975ல் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து வந்து வரைந்த குழுவின் பெயர் ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ். முதலில் வேறு பெயர்தான். அதன் முதலெழுத்துகளைப் பார்த்தவர்கள் கனடா விமானப்படையா என்று கேட்கவே, அந்தக் கிண்டலையே பெயராக்கிக்கொண்டு, விமானி உடுப்புப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள்.

‘சிக்கானோ’வும் அப்படி எடுத்துக்கொண்ட சொல்தான். ‘மெக்ஸிகானோ’ தேய்ந்து வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் ஏளனப் பேச்சு. 1960களில் இளைஞர்கள் அதையே சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

படம் எடுக்க உச்சிவெயில் ஆகாது. பாலத்தின் நிழல் ஓவியத்தை இரண்டாக வெட்டும். பக்கத்திலேயே 2022ல் திறந்த பூங்கா அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் 2: அதே தூண்கள், ஒரு சாண் தூரத்தில்

இன்றும் அதே பூங்கா. நேற்றுப் படம் பார்த்தது போதும், இன்று பெயின்ட்.

1973ல் வரையத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த சுவர் உலகத்திலேயே மோசமான சுவர்களில் ஒன்று. கான்கிரீட் காரத்தன்மை உடையது, புதிதாக வார்த்ததில் பிஎச் 12, 13 வரை போகும். எண்ணெய் பெயின்ட் அதில் பட்டால் சோப்பாக மாறிப் பிசுபிசுத்து உரியும். அதனால் அக்ரிலிக். அதற்கு முன்னால் சுவரைப் பழக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, 1 பங்கு முரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) ஆசிட்டை 10 பங்கு தண்ணீரில் ஊற்றி (தண்ணீரை ஆசிட்டில் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்) சுவரில் பூசினால் நுரைக்கும். நுரை அடங்கியதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பல நாள் காய விட வேண்டும். காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் பிரைமர் டப்பாவைத் திறக்கவே கூடாது.

வரைவதற்குக் கட்டம்தான் வழி. தாளில் 1 அங்குலம், சுவரில் 1 அடி. கொத்தனார் போலவே சாக்குப் பொடி தோய்த்த நூலை அடித்துக் கோடு போடுகிறார்கள். ஆனால் இந்தத் தூண்கள் மேலே போகப் போகக் கை விரித்தது போல அகலும். கட்டத்தை அப்படியே மேலே கொண்டு போனால் கீழிருந்து பார்ப்பவருக்கு உருவத்தின் தலை சிறுத்து, உடம்பு குட்டையாகத் தெரியும். அதனால் மார்புக்கு மேல் வேண்டுமென்றே நீட்டி வரைய வேண்டும். நல்ல தூண் எது, அவசரத் தூண் எது என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும். ஒரு கேலன் பெயின்ட் வழுவழுப்பான சுவரில் 350 சதுர அடி வரை வரும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். சொரசொரக் கான்கிரீட்டில் முதல் பூச்சுக்கு அதில் பாதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

கெடுவது எப்படி? பக்கத்தில் போய்ப் பாருங்கள், மேலிருந்து கீழே வெள்ளைக் கோடுகள் இறங்கியிருக்கும் இடங்கள் உண்டு. உப்புப் பூத்தது. பாலத்தின் மேல்தளத்தில் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு வழியாக மழைநீர் கசிந்து, கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து வெளியே உறைகிறது. பெயின்டை உள்ளிருந்து தள்ளும். இதற்கு ஓவியர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, மேலே இணைப்பை அடைக்க வேண்டியது பாலத்துக்காரர். வெயில் இன்னொரு பக்கம். மலிவான சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும், அதிலும் வெள்ளை கலந்து இளஞ்சிவப்பாக்கியது இன்னும் சீக்கிரம். காவி, செங்காவி போன்ற இரும்பு ஆக்ஸைடு நிறங்கள் அசையாது. பழைய ஓவியங்களில் தோல் நிறம் நின்று ரோஜா மட்டும் வெளுத்திருந்தால் காரணம் அதுதான்.

கிறுக்கலுக்குப் பயந்து மேலே கனமான வார்னிஷ் அடித்து அடைப்பது அடுத்த தவறு. சுவரின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கொப்புளம் கட்டும், அல்லது பால் படிந்தது போல வெண்மை தட்டும். மெழுகுப் பூச்சு பரவாயில்லை. யாராவது ஸ்ப்ரே அடித்தால் வெந்நீரில் மெழுகோடு கழுவிவிட்டு மறுபடி பூசலாம். மெழுகில்லாத அக்ரிலிக்கைத் தின்னர் போட்டுத் தேய்த்தால் கிறுக்கலோடு ஓவியமும் துணியில் வந்துவிடும்.

இனி உண்மையான சண்டை. அருங்காட்சியகப் பள்ளியில் படித்த பாதுகாப்பு நிபுணர் சொல்வார்: உதிர்ந்த இடத்தை மட்டும் தொடு, மீதியை அப்படியே விடு. தூணில் வரைந்தவர் சொல்வார்: என் சிவப்பு வெளிறிப்போச்சு, முழுசா மறுபடி அடிக்கிறேன். 2011–12ல் கூட்டரசின் போக்குவரத்து நிதியில் பெரிய அளவில் புதுப்பித்தபோது இங்கே பின்பற்றிய வழக்கம், முதலில் வரைந்தவர் உயிரோடு இருந்தால் அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுப்பது. விக்டர் ஒச்சோவா போன்றவர்கள் தங்கள் இளமைக்கால வேலைக்கு மேலேயே சாரம் கட்டி ஏறினார்கள். என் ஓட்டு இந்தப் பக்கம். மாடத்தில் வைத்த ஓவியத்துக்கு நிபுணர் சொல்வது பொருந்தும். லாரிப் புகை படியும் தூணில் ஆண்டுக்கு ஆண்டு கை படாவிட்டால் மிஞ்சுவது சாம்பல் நிறம்தான். ஒரே நிபந்தனை, தொடுவதற்கு முன் முழு உயரத்துக்கும் நிறஅட்டை வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அடித்த இடங்களில் முகச்சாயல் மாறி, யார் இவர் என்று ஊர்க்காரர்களே கேட்கும்படி ஆகிவிடும்.

நாள் 3: வேலி

முதலில் காகிதம். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. திரும்பி வருவதற்கு அது மல்டிபிள் என்ட்ரிதானா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூ லைனின் தெற்குக் கடைசி நிறுத்தம் சான் இஸிட்ரோ. அங்கிருந்து நடந்தே மெக்ஸிகோவின் திஹுவானா நகரத்துக்குள் போய்விடலாம். போவது சில நிமிடம், திரும்பும் வரிசை மணிக்கணக்கு.

அந்தப் பக்கம் டாக்ஸி எடுத்து ப்ளாயாஸ் கடற்கரைக்குப் போனால் வேலி கடலுக்குள் இறங்கி முடிகிற இடம். பக்கத்திலேயே 258ஆம் எண் எல்லைக்கல். போரில் தோற்ற மெக்ஸிகோவோடு அமெரிக்கா செய்த 1848 ஒப்பந்தம் சான் டியேகோ துறைமுகத்தின் தென்கோடியிலிருந்து ஒரு கடல் லீக், அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர், தெற்கே தள்ளிக் கோடு போட்டது. துறைமுகம் அமெரிக்காவுக்கு வேண்டியிருந்தது, கோடு அதற்கேற்ப வளைந்தது. ‘நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லை எங்களைத் தாண்டியது’ என்று சிக்கானோக்கள் சொல்வதற்கு அர்த்தம் இந்தக் கல்லடியில் நின்றால் விளங்கும்.

1984ல் தொடங்கிய எல்லைக் கலைப் பட்டறை என்ற குழு 1986 அக்டோபரில் இந்தக் கடற்கரையில் கோட்டுக்குக் குறுக்கே ஒரு சாப்பாட்டு மேசை போட்டது. பாதிப் பேர் அந்த நாடு, பாதிப் பேர் இந்த நாடு. எல்லையைப் பற்றிய வழக்கமான வேடங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு மேசையை மெல்லச் சுற்றினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பாஸ்போர்ட் இல்லாமல் நாடு மாறினார்கள். இன்று அதைச் செய்ய முடியாது. குறுக்கே வேலி நிற்கிறது.

2011ல் ஆனா தெரெஸா ஃபெர்னாண்டெஸ் என்ற கலைஞர் கறுப்பு கவுனும் ஹீல்ஸும் போட்டு ஏணியில் ஏறி வேலிக்கு வான நீலம் அடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வேலியில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். செய்து பார்க்க நினைப்பவருக்கு ஒரு தொழில் குறிப்பு: கடலோர வானம் ஒரே நீலம் இல்லை. அடிவானத்தில் வெளுப்பு, மேலே அழுத்தம். ஒரே டப்பா நீலத்தை மேலிருந்து கீழே அடித்தால் ஓட்டை தெரியாது, நீல வேலிதான் தெரியும். மேலிருந்து கீழே படிப்படியாக வெள்ளை கூட்டிக்கொண்டே வர வேண்டும். எந்த நேரத்து வானம் என்றும் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இரும்பு கான்கிரீட்டைவிடக் கொடுமை. உப்புக்காற்றில் துரு நிற்பதே இல்லை. துருவின் மேல் நேராக அடித்தால் ஒரு பருவம்கூடத் தாங்காமல் தகடு தகடாக விழும். கம்பி பிரஷ், நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவல், துத்தநாக பிரைமர், பிறகு நிறம். முலாம் பூசிய கம்பியாக இருந்தால் எண்ணெய் பெயின்ட் கூடாது, அங்கேயும் சோப்புக் கதைதான். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் முகம் ஒன்றை வரைந்தால் ஒரு கோணத்தில் மட்டுமே சேர்ந்து தெரியும். நேரே நின்றால் கோடுகள், ஓரமாகச் சாய்ந்து நடந்தால் முகம். 2019ல் லிஸ்பெத் தே லா க்ரூஸ் சந்தானா முன்னெடுத்த வேலையில், குழந்தையாக அமெரிக்காவுக்குப் போய் வளர்ந்து நாடு கடத்தப்பட்டவர்களின் முகங்களைத் துணியில் தனியே தீட்டி வந்து கம்பிகளில் ஒட்டினார்கள். ஃபோனைக் காட்டினால் அவர்கள் குரல் பேசும். துணி முறையில் ஒரு வசதி, சாரத்தில் தொங்காமல் மேசையில் வைத்துப் பலர் சேர்ந்து தீட்டலாம், நாடு கடத்தப்பட்டவரே தன் முகத்துக்கு நிறம் கொடுக்கலாம்.

சமீப ஆண்டுகளில் அமெரிக்கா பழைய வேலியை எடுத்துவிட்டு 30 அடி வேலி நட்டபோது பழைய கம்பிகளோடு பல ஓவியங்களும் போயின. தூண் அங்கேயே நிற்கும். வேலி அப்படியில்லை.

நாள் 4: தணிந்த வண்டிகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்கானோ பூங்காவிலோ, தெற்கே நேஷனல் சிட்டியின் ஹைலேண்ட் அவென்யூவிலோ லோரைடர்கள் நிற்பதைப் பார்க்கலாம். 1964 இம்பாலா போன்ற பழைய ஷெவர்லே. தரையை நக்குகிற உயரம், நடக்கிற வேகம். ‘பஹீத்தோ இ சுவாவெசீத்தோ’ என்பார்கள், தணிவா, மெத்துமெத்துன்னு. நேஷனல் சிட்டி 1992ல் இந்த உலாவைத் தடை செய்து, 2023ல்தான் தடையை நீக்கியது. 2024 ஜனவரி முதல் மாநிலச் சட்டமே இப்படிப்பட்ட உள்ளூர்த் தடைகளை ஒழித்துவிட்டது.

ஆரம்பத்தில் டிக்கியில் மணல் மூட்டை, சிமென்ட் மூட்டை வைத்துத்தான் தணித்தார்கள். அல்லது காயில் ஸ்பிரிங்கை கேஸ் வைத்து இரண்டு சுற்று வெட்டினார்கள். கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதை மெக்ஸிகோவில் ‘ரஸ்குவாச்சே’ என்று வைவார்கள், நம்மூர் ‘ஒட்டுப்போட்ட பொழப்பு’ மாதிரி. டோமாஸ் இபார்ரா-ஃப்ராவ்ஸ்டோ என்ற அறிஞர் எழுதிய பிறகு வசவே ஓர் அழகியலின் பெயராகிவிட்டது. 1950களின் கடைசியில் கலிஃபோர்னியா ஒரு விதி போட்டது: வண்டியின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. 1959ல் ரான் அகிர்ரே என்ற இளைஞர் கழித்துக்கட்டிய விமான ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். போலீஸ் வந்தால் சுவிட்ச், வண்டி உயரும். போனால் சுவிட்ச், தணியும். குதிக்கிற கார் என்று உலகம் வாய் பிளக்கும் வித்தைக்கு வேர் ஒரு போக்குவரத்து அபராதச் சீட்டு.

டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னால் பெரும்பாலும் பெருமையாகக் காட்டுவார்கள். உள்ளே எண்ணெய்த் தொட்டியும் மோட்டாரும் சேர்ந்த பம்ப் இரண்டு, பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரி ஆறு, தொடராக இணைத்து 72 வோல்ட். முன்சக்கரங்களுக்கு 8 அங்குல சிலிண்டர், பின்னால் 10, 12. சுவிட்சைத் தட்டினால் சொலினாய்ட் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) மூடி, மோட்டார் எண்ணெயைத் தள்ளும். திரும்பி வராமல் ஒருவழி வால்வு பிடித்துக்கொள்ளும். இறக்க வேறொரு வால்வு. பின்பக்க வழியில் வேகத்தைக் குறைக்கும் வால்வு வைக்காவிட்டால் வண்டி தடாலென்று உட்கார்ந்து முதுகை உடைக்கும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு, சொலினாய்டின் முனைகள் பொறியில் உருகி ஒட்டிக்கொள்வது. சுவிட்சை விட்டாலும் மோட்டார் நிற்காது. எர்த் கேபிளில் ஒரே இழுப்பில் பிடுங்கும் கைப்பிடி இல்லாத வண்டியில் ஏறாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், மூடிய டிக்கியில் ஒரு பொறி போதும். குதிக்கக் குதிக்க வண்டியின் அடிச்சட்டம் (ஃபிரேம்) சிலிண்டர் குத்தும் இடத்தில் விரியும். அதனால் கால் அங்குலத் தகட்டைச் சுற்றி வெல்டிங் செய்கிறார்கள். பின்பக்கத்தை உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் போதாமல் பிடுங்கிக்கொள்ளும், நீளும் ஷாஃப்ட் போட வேண்டும்.

நிறம் தனிக் கலை. அடியில் வெள்ளி, மேலே மினுக்குத் தூள், அதன் மேல் கண்ணாடி போன்ற ‘கேண்டி’ நிறம் பல பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நிறத்தை ஆழமாக்கும். கை வேகம் ஒரே சீராக இல்லாவிட்டால் புலிக்கோடு விழும். மினுக்குத் தூள் டப்பாவின் அடியில் தங்கும், ஸ்ப்ரே கன்னை ஆட்டிக்கொண்டே அடிக்க வேண்டும். அவசரமாக ஒன்றன்மேல் ஒன்று கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் உள்ளே தின்னர் சிக்கி ஊசிமுனைக் கொப்புளம். ஒரு கதவில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட முடியாது. எத்தனை பூச்சு என்று அடித்தவருக்கு மட்டுமே தெரியும், அவரிடமே கொண்டுபோக வேண்டும்.

பின்கண்ணாடியில் தொங்கும் உலோகப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அது கிளப்பின் சொத்து. வண்டி கிளப்பின் தரத்துக்கு வரும் வரை கொடுக்க மாட்டார்கள், விலகினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொடாமல் பாருங்கள். பெல்ட் பக்கிள் உரசாமல் தள்ளி நில்லுங்கள்.

நாள் 5: பயணம் மட்டும்

சான் டியேகோவிலிருந்து டெக்ஸஸின் சான் அன்டோனியோ, சாலையில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். விமானம்தான். காரில் போகிறவர்கள் எல் பாஸோவில் ஒரு ராத்திரி நின்று, ஃப்ரீவேக்கள் பின்னிக்கொள்ளும் இடத்துக்குக் கீழே லிங்கன் பார்க் தூண்களைப் பாருங்கள். அங்கேயும் அதே கதை, வேறு கைகள்.

நாள் 6: துருத்தியும் பன்னிரண்டு தந்தியும்

டெக்ஸஸில் சிக்கானோ என்பதைவிட ‘தெஹானோ’ (டெக்ஸஸ் மெக்ஸிகர்) என்ற சொல் அதிகம் காதில் விழும். இங்கே எடுத்துக்கொண்ட பொருள் அக்கார்டியன். மத்திய டெக்ஸஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக்கியரும் கொண்டுவந்த பெட்டி, அவர்கள் ஆடிய போல்கா. மெக்ஸிக உழைப்பாளிகள் அதைக் கேட்டு வாங்கி, பஹோ செக்ஸ்தோ என்ற தந்தி வாத்தியத்தோடு சேர்த்தார்கள். அந்த இசையின் பெயர் கொன்ஹுன்தோ.

பெட்டி நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு, உள்ளே அதே ரீடுதான். ஆனால் மூன்று வரிசைப் பொத்தான், ஒரு பொத்தானுக்கு இரண்டு சுரம்: துருத்தியை அழுத்தினால் ஒன்று, இழுத்தால் வேறொன்று. சுருதிக்கு ஏற்பப் பெட்டியையே மாற்ற வேண்டும். மினுக்குக் கற்கள் பதித்த பெட்டியைப் பார்த்து மயங்காமல், பாடுபவரின் சுருதிக்கு எது ஒத்து வரும் என்று கேட்டு வாங்குங்கள்.

பஹோ செக்ஸ்தோ கிடார் போலத் தோன்றும் கனத்த வாத்தியம். 12 தந்தி, ஆறு ஜோடி, தாழ்விலிருந்து மேலே ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப். எல்லாம் நான்காம் இடைவெளி. தாழ்ந்த ஜோடிகளில் ஒரு தந்தி மற்றதற்கு ஒரு ஸ்தாயி மேலே, மேல் ஜோடிகள் ஒரே சுருதி. தாளத் தட்டில் அடித்தந்தி, எதிர்த்தட்டில் வாரல். அவ்வளவுதான் போல இருக்கும். கை ஒரு கணம் பிந்தினாலும் ஆடுகிறவர் கால் பின்னும். கிடார்காரர்கள் தடுமாறுவது மேல் இரண்டு ஜோடிகளில். கிடாரின் பி, ஈ இங்கே அரைச்சுரம் ஏறி சி, எஃப் ஆகிவிடுவதால் பழகின விரல் வடிவம் பொய்க்கும்.

1930களில் நார்சிஸோ மார்டினெஸ் பெட்டியின் இடக்கை அடிச்சுரத்தை ஏறக்குறையக் கைவிட்டு, அந்த வேலையை சான்டியாகோ அல்மெய்தாவின் பஹோவுக்கு விட்டார். வலக்கைக்கு வேகம் வந்தது, ஜெர்மன் போல்கா வேறு ஆளாகிவிட்டது. இன்றும் பல வாத்தியக்காரர்கள் இடப்பக்க ரீடுகளைக் கழற்றியே வைத்திருக்கிறார்கள். பெட்டி இலேசாகும், காற்றும் மிச்சம். வாங்கிய பழைய பெட்டியில் இடப்பக்கம் ஊமையாக இருந்தால் விற்றவரைத் திட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ரீடுத் தகடுகளை மரக்கட்டையில் பிடித்து வைத்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும். டெக்ஸஸ் கோடையில் பூட்டிய காரில் பெட்டியை விட்டால் மெழுகு இளகி, ரீடு சாய்ந்து, மாலையில் பாதிப் பொத்தான் காற்று மட்டும் விடும். டிக்கியில் வைப்பதும் அதே பாவம். ஹோட்டல் அறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

நகரின் மேற்குப் பக்கத்தில் குவாடலூப்பே கலை மையம் 1982 முதல் கொன்ஹுன்தோ விழா நடத்துகிறது, வழக்கமாக மே மாதம். 2025 ஜூலை 31ல் இந்த ஊர் அக்கார்டியன் மேதை ஃப்ளாக்கோ ஹிமெனெஸ் இறந்த பிறகு இந்த ஊரில் பெட்டி கேட்பது கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. விழாவுக்குப் போனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்காதீர்கள். ஜோடிகள் கால்களைத் தரையோடு தேய்த்துக்கொண்டு, களத்தை வலமிருந்து இடமாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். எழுபது வயதுக்காரர்கள் உள்வட்டத்தில் நிதானமாக, இளசுகள் வெளிவட்டத்தில். நடுவில் நின்று ஃபோனில் படம் பிடிக்கிறவரை யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த சுற்றில் ஒரு பாட்டி தோளில் இடித்துக்கொண்டு போவார்.